‘வண்டி நன்கு பழகியது’: ஒரு குதிரை விளம்பரத்துக்கு உரை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரை விற்பவர்கள் வாயால் சொல்வதும், மற்ற மாதங்களில் கைபேசியில் படத்தோடு அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் கோத்து மாதிரிக்கு ஒரு விளம்பரம் அமைத்திருக்கிறேன். வண்டிக்கென்று முதல் குதிரை வாங்கப் போகிறவர், பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் இதைத் தொடர் தொடராகப் பிரித்துப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே இந்த உரை. ஏறிச் சவாரி செய்யும் குதிரை மிரண்டால் விழுபவர் ஒருவர். வண்டியில் பூட்டிய குதிரை மிரண்டால் வண்டியில் இருப்பவர்கள், தெருவில் போகிறவர்கள், அந்தக் குதிரை என அத்தனை பேருக்கும் ஆபத்து.

மூலம் இது:

பெண் குதிரை விற்பனைக்கு. நாட்டு மட்டம், நாலு பல். சுழி சுத்தம், கால் சுத்தம். கடி, உதை கிடையாது. வண்டி நன்கு பழகியது, ரோட்டில் மிரளாது, சின்னப் பையன்கூட ஓட்டலாம். வண்டி, சேணத்தோடு கொடுக்கப்படும். பராமரிக்க ஆளில்லாததால் விற்பனை. விலை நேரில்.

பெண் குதிரை, நாட்டு மட்டம்

பெண் குதிரை என்பதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்தச் சில நாட்களில் சில குதிரைகள் சிடுசிடுப்பாக இருக்கும், பலவற்றில் வித்தியாசமே தெரியாது. காயடித்த ஆண் குதிரை கிடைத்தால் வண்டிக்கு உத்தமம். காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் குதிரையாக வேண்டாம். எதிரே ஒரு பெண் குதிரை வந்துவிட்டால் அதன் கவனம் ஓட்டுபவரிடம் இருக்காது.

மட்டம் என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் உச்சியிலிருந்து தரைவரை அளப்பதுதான் கணக்கு. 58 அங்குலத்துக்கு உட்பட்டதை மட்டம் என்று வைப்பது உலக வழக்கம். இந்த அளவு பெருமைக்காகத் தேவைப்படுவதில்லை, வண்டிக்காகத் தேவை. குதிரையின் இருபுறமும் வரும் நீளக் கட்டைகள் ஏறக்குறையப் படுமட்டமாக நிற்க வேண்டும். உயர்ந்த வண்டியில் குட்டையான குதிரையைப் பூட்டினால் பாரம் முன்னே சாய்ந்து முதுகை அழுத்தும். வண்டி பின்னே சாய்ந்தால் வயிற்றுப் பட்டை மேலே இழுத்துக் குதிரையைத் தூக்கப் பார்க்கும்.

காத்தியவார், மார்வார் குதிரைகளின் உள்நோக்கி வளைந்து நுனி தொடும் காதுகளுக்குச் சந்தையில் தனி விலை உண்டு. வெள்ளை நொக்ராவுக்கும் அப்படியே. வண்டி இழுக்கும் குதிரைக்கு வேண்டியது அகன்ற மார்பு, சரிந்த தோள், கெட்டியான குளம்பு. அவை நல்ல நாட்டு மட்டத்திடமே கிடைக்கும்போது காதுக்குப் பணம் கொடுப்பது வீண்.

நாலு பல்

குதிரையின் முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். பால்பல் விழுந்து நடு இணை சுமார் இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரையிலும், ஓர இணை நாலரையிலும் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஆகவே நாலு பல் என்றால் மூன்றரைக்கு மேல், நாலரைக்குள் என்று கொள்ளலாம்.

இளமையைச் சிறப்பாகச் சொல்கிறது விளம்பரம். முதல் குதிரை வாங்குபவருக்கு அது சிறப்பே இல்லை. குதிரையின் முதுகெலும்புகள் முழுதும் முற்ற ஐந்து, ஆறு வயதாகிறது. நாலு பல் குதிரை ‘வண்டி நன்கு பழகியது’ என்றால் ஒரு சின்னக் கழித்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வயதிலேயே பாரம் இழுத்திருந்தால் அதன் கால்களும் முதுகும் அதற்கான விலையைப் பின்னால் கேட்கும். மூன்றரையில்தான் பூட்டினார்கள் என்றால் பழகியது சில மாதம்தான். ‘நன்கு’ என்ற சொல்லுக்கு இடமில்லை. இரண்டில் எது என்று விற்பவரிடமே கேட்கலாம், அவர் பதிலிலிருந்து நிறையத் தெரிந்துவிடும்.

என் கருத்து, புதியவர் எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் உள்ள குதிரையை வாங்க வேண்டும். நன்றாக வைத்துக்கொண்டால் குதிரை 25 வயதைத் தாண்டும். பத்து வயதுக் குதிரைக்கு உழைக்கும் காலம் இன்னும் நிறைய இருக்கிறது, அதோடு பல வருடத்துத் தெரு அனுபவமும் சேர்ந்து வருகிறது. வாய் நிறைந்த பிறகு வயது கணிப்பது கடினம். கீழ்ப்பற்களின் மேல்பரப்பிலுள்ள குழிகள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் நடுவிலிருந்து ஓரமாகத் தேய்ந்து மறையும். பத்து வயது வாக்கில் மேல் ஓரப்பல்லின் ஈறருகே ஒரு பழுப்புக் கோடு தோன்றும். அது பதினைந்தில் பாதிப் பல்லும், இருபதில் முழுப் பல்லும் இறங்கும். தேய்ந்த பல்லில் குழி தோண்டிக் கருக்கி வயதைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று நெடுங்காலமாக உண்டு. ஆகவே வாய் பார்க்கும் வேலையைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள்.

சுழி சுத்தம்

உடலில் மயிர் சுழன்று படியும் இடங்களை வைத்து யோகம், தோஷம் சொல்வது நம் சந்தைகளில் பெரிய சாஸ்திரம். ஒரு சுழியின் இடத்துக்காகப் பாதி விலைக்குப் போகும் நல்ல குதிரைகள் உண்டு. மயிர்ச்சுழி குதிரைக்காரரின் குடும்பத்தை வாழவைக்கும், கெடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நம்பிக்கை உள்ளவரோடு நான் வாதிட வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: சந்தையில் சுழிக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்வாசியைக்கூடக் குளம்புக்குக் கொடுப்பதில்லை. விற்கும் எண்ணம் இல்லாமல், ஓட்டவே வாங்குகிறவருக்கு, குணம் நல்லதாக இருந்து சுழியால் விலை குறைந்த குதிரை ஒரு வரம்.

கால் சுத்தம்

சுழியைப் போலவே இதுவும் ஒரே சொல்லில் வந்து போகிறது. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

குதிரை ஓடிச் சூடாவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். சில நொண்டல்கள் பத்து நிமிடம் நடந்ததும் மறைந்துவிடும். கயிறு தளர்த்திப் பிடித்து, கெட்டித் தரையில் நேராக நடக்கவும் பிறகு தொங்கோட்டமாக ஓடவும் விடச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். கண்ணால் பிடிபடாவிட்டால் காதால் கேளுங்கள். நாலு குளம்பின் ஓசையும் ஒரே அளவாக விழ வேண்டும்.

பிறகு நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். குளம்பின் அடியில் அழுகல் நாற்றம் இருந்தால் லாயம் ஈரம், கவனிப்புக் குறைவு. குளம்புச் சுவரில் ஒழுங்கற்ற வளையங்கள், குதிகால் பக்கம் அகன்று கிடந்தால் குளம்புத் தாபம் வந்துபோயிருக்கலாம். தானியம் அதிகம் தின்று கொழுத்த மட்டங்களுக்கு அது அடிக்கடி வருவது, ஒருமுறை வந்தால் மறுபடி வரக்கூடியது. முழங்கால் முன்புறம் மயிர் இல்லாத தழும்பு இருந்தால் குதிரை எப்போதோ முட்டிபோட்டு விழுந்திருக்கலாம்.

இன்னொரு ஆபத்து ஊசி. வலி மறைக்கும் மருந்து கொடுத்தால் நொண்டல் தெரியாது, மயக்க மருந்து கொடுத்தால் துடுக்கு தெரியாது. கீழுதடு தொங்கி, கண் சொருகி, கூப்பிட்டால் காது அசையாத குதிரையை ‘சாது’ என்று நம்பிவிடக் கூடாது. முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள்.

கடி, உதை கிடையாது

கால் தூக்கும்போதும், வாயைத் திறக்கும்போதும், பின்பக்கம் தடவும்போதும் இது தானே தெரிந்துவிடும். தீவனம் தின்னும்போது பக்கத்தில் போய்ப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.

வண்டி நன்கு பழகியது

விளம்பரத்தின் உயிர் இந்தத் தொடர். பணம் இதற்குத்தான் கொடுக்கிறோம்.

குதிரை ஓடித் தப்பும் பிராணி. தலையின் இருபக்கமும் அமைந்த கண்களால் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. தெரியாத அந்தப் பின்பக்கத்திலேயே தடதடவென்று ஒன்றைக் கட்டி, அது விடாமல் துரத்தும்போது நிதானமாக நட என்று சொல்வதுதான் வண்டிப் பழக்கம். சவாரிக் குதிரைக்கு முதுகில் ஆள் இருக்கிறார், தொடையின் அழுத்தம் இருக்கிறது. வண்டிக் குதிரைக்கு இருப்பவை வாயில் கடிவாளமும், பின்னாலிருந்து வரும் குரலும், சவுக்கின் தொடலும் மட்டுமே. ஆகவே சவாரிக்குப் பழகிய குதிரை வண்டிக்கும் ஆகும் என்ற வாதத்தை ஏற்காதீர்கள்.

முறையாகப் பழக்குபவர் படிப்படியாகப் போவார். முதலில் சேணப் பட்டைகளை மட்டும் மாட்டி நடத்துவது; பின்னால் நடந்தபடி நீள லகானில் திருப்பவும் நிறுத்தவும் கற்றுக்கொடுப்பது; பழைய டயரையோ கட்டையையோ இழுக்கவிட்டுச் சத்தத்துக்குப் பழக்குவது; பக்கவாட்டில் கட்டை உரசினாலும் பதறாமல் இருக்கச் செய்வது; கடைசியாக வண்டி, அதுவும் முதலில் கூட ஒருவர் தலைக்கயிறு பிடித்து நடக்க. இதில் எந்தப் படி விட்டுப்போயிருந்தாலும் என்றாவது ஒரு திருப்பத்தில், கட்டை விலாவில் இடிக்கும் நொடியில் அது வெளிப்படும். ‘யார் பழக்கினார், எப்படிப் பழக்கினார்’ என்று கேளுங்கள். பழக்கியவர் இதையெல்லாம் ஆசையாகவே சொல்வார்.

சொல்லைக் கேட்டதோடு நிற்காமல் கண்ணால் பார்க்க வேண்டும். பூட்டித் தயாராக நிற்கும் குதிரையைப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள். லாயத்திலிருந்து வெறுங்குதிரையாக வெளியே வர வேண்டும், பூட்டுவதை ஆரம்பம் முதல் நீங்கள் பார்க்க வேண்டும். கடிவாளம் கண்டதும் தலையைத் தூக்கினால் வாயில் புண்ணோ பல்லில் வலியோ இருக்கலாம். கட்டைகளுக்கு நடுவே பின்னுக்கு வரச் சொன்னால் வர வேண்டும். எத்தனை பேர் சேர்ந்து பூட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேர் பிடித்தால்தான் பூட்ட முடியும் என்ற குதிரையை நாளை நீங்கள் தனியாக எப்படிப் பூட்டுவீர்கள்?

பூட்டி முடிந்ததும் விற்பவர் வண்டியில் ஏறி உடனே கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் அப்படியே நிற்கட்டும். வண்டிக் குதிரையிடம் நான் முதலில் பார்ப்பது ஓட்டத்தை அல்ல, இந்த நிற்றலை. ஆள் ஏற, இறங்க, அவிழ்ந்த ஒரு பட்டையைச் சரிசெய்ய, சாலையைக் கடக்க, எல்லாவற்றுக்கும் அது நிற்க வேண்டும். பந்தயத்துக்குப் பழக்கிய குதிரைகளில் பல, பூட்டியதும் பாயவேண்டும் என்று மட்டுமே கற்றவை. வேகமானவை, அழகானவை, ஆனால் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக உதவாது.

பாய்வதற்கு எதிர்க்குற்றம் சண்டித்தனம். புறப்படச் சொன்னால் வேர்விட்டது போல நின்றுவிடும், அடித்தால் பின்னுக்கு வரும் அல்லது படுத்துவிடும். சண்டி பிறவிக் குணமாக இருப்பது அபூர்வம். தாங்காத பாரமும், புண்ணில் உரசிய பட்டையும், ஓயாத அடியும்தான் பெரும்பாலும் அதை உண்டாக்கியிருக்கும். உண்டான பின் புதியவரால் அதைத் தீர்க்க முடியாது. ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னால் சண்டி இருப்பது தெரிந்துவிடும். இறக்கத்திலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்; வண்டி பின்னாலிருந்து தள்ளும்போது தொடைப் பட்டையில் பின்னங்கால் ஊன்றித் தாங்குகிறதா, பதறி ஓடுகிறதா என்று பாருங்கள்.

முதலில் விற்பவர் ஓட்டட்டும். அவரே ஓட்டத் தயங்கினால் பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டுங்கள்.

ரோட்டில் மிரளாது

எந்த ரோடு? பழனி மலையடிவாரத்தில் யாத்ரீகர்களை ஏற்றிப் பழகிய குதிரை கூட்டத்துக்கும் ஹாரனுக்கும் அஞ்சாது. தோப்புக்குள் வண்டி இழுத்த குதிரைக்குக் காற்று ஒலிப்பானோடு பின்னால் வரும் பேருந்து புதிது. உங்கள் ஊரில் என்ன உண்டோ அதை வைத்துப் பாருங்கள்: பட்டாசு, கொட்டு, லாரி, தெருநாய், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை. இன்னொரு குதிரையோடு சேர்ந்து போகும்போது அமைதியாக இருப்பது தனியாகப் போகும்போது இருக்கும் என்பதில்லை. தனியாகவே ஓட்டிப் பாருங்கள். மிரளாத குதிரை உலகில் கிடையாது. மிரண்டதும் ஓரடி விலகி, குரல் கேட்டு அடங்குகிறதா என்பதே கேள்வி.

சின்னப் பையன்கூட ஓட்டலாம்

பையன் ஓட்டும் காணொளியும் கூடவே வரும். வண்டி கிளம்புமுன் குதிரையின் தலையைப் பிடித்திருந்தது யார், நின்ற பின் பிடித்தது யார் என்று காணொளியில் இருக்காது. பையன் பிறந்தது முதல் அந்த லாயத்தில் வளர்ந்தவனாக இருப்பான். குதிரைக்கு அவன் குரல் தெரியும். உங்கள் குரல் தெரியாது. இந்தத் தொடரை விலைக்குள் சேர்க்க வேண்டாம்.

வண்டி, சேணத்தோடு

நல்ல செய்தி, சோதித்து ஏற்றுக்கொண்டால். மார்புப் பட்டை, முதுகுப் பட்டை, வயிற்றுப் பட்டை உட்காரும் இடங்களில் விரலால் மயிரை விலக்கிப் பாருங்கள். அங்கே திட்டுத் திட்டாக வெள்ளை மயிர் இருந்தால் அந்த இடங்களில் பழைய புண்கள் ஆறியிருக்கின்றன. இந்தச் சேணம் இந்தக் குதிரைக்குப் பொருந்தவில்லை என்று குதிரையின் தோலே எழுதி வைத்திருக்கிறது. தோல் பட்டையை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு விட்டிருந்தால் அறும். முள்ளோ குமிழோ வைத்த கடிவாளம் சட்டப்படி தடை. அப்படி ஒன்று கூடவே வந்தால் இந்தக் குதிரையை எப்படி நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதும் விளங்கிவிடும்.

சட்டம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி இழுக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. ஓட்டுபவரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் போக நாலு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நம் கோடையில் இதன்படி நடப்பதென்றால் காலையிலும் மாலையிலும்தான் வண்டி.

பராமரிக்க ஆளில்லாததால் விற்பனை

உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் கடைசியாக எப்போது வண்டியில் பூட்டினார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதம் கட்டியே கிடந்த குதிரையைப் பழக்கம் விட்டுப்போனதாகவே எடுத்துக்கொண்டு, படிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கம்பக்கத்து டீக்கடையில் விசாரிப்பதும் நல்லது. குதிரை வண்டியைக் கவிழ்த்த கதை ஊருக்குத் தெரியாமல் இருக்காது.

விலை நேரில்

விலை எதுவானாலும், பணம் கைமாறுமுன் இரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் தொற்று குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவி உயிரைக் குடிக்கக்கூடியது; உறுதியானால் குதிரையைச் சிகிச்சைக்கு விடாமல் அரசே கருணைக்கொலை செய்யும். வடமாநிலச் சந்தைகளிலிருந்து கைமாறிக் கைமாறி வரும் குதிரைகளில் இதை விட்டுவிட்டு வாங்குவது பெரும் பிழை. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனைக்குப் பெயர்பெற்றது. மாதிரி அனுப்ப அரசு கால்நடை மருத்துவர் வழிசொல்வார். ரணஜன்னித் தடுப்பூசி போட்டதற்கான சீட்டையும் கேளுங்கள், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும்.

சொல்லாமல் விட்டது

விளம்பரத்தில் இருப்பதைவிட இல்லாததுதான் பலரை ஏமாற்றியிருக்கிறது. இதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே குதிரையை வைத்து எழுதிய விளக்கம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி எது என்று சொல்லும்போது இந்த உதாரணத்தைத் தருகிறது: ஒருவர் குறையுள்ளது என்று தெரிந்தே ஒரு குதிரையை ஏலத்தில் விற்கிறார், குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை, அது மோசடி ஆகாது. அதே பிரிவில் இன்னொரு உதாரணம்: வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறையில்லை என்று எடுத்துக்கொள்வேன்’ என்கிறார், விற்பவர் மௌனமாக இருக்கிறார், இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இரண்டு உதாரணத்துக்கும் நடுவே இருப்பது வாங்குபவர் கேட்ட ஒரு கேள்விதான். 19ஆம் பிரிவு இன்னும் ஒரு நிபந்தனை வைக்கிறது: சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், அத்தகைய மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. ஆகவே பார்ப்பதும் வேண்டும், கேட்பதும் வேண்டும். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, எந்த வேலைக்காக வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அத்தொழிலில் உள்ள அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது தகுந்ததாக இருக்க வேண்டிய பொறுப்பு அவரைச் சேர்கிறது.

எனவே குதிரையைப் பூட்டிப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகு, சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு விற்பவரிடம் கேளுங்கள்: ‘அண்ணே, வண்டிக்காகத்தான் வாங்குறேன். நொண்டல், சண்டி, மிரட்சி, தீராத வியாதி எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சொல்லலைன்னா இல்லைன்னுதான் எடுத்துக்குவேன்.’ அவர் சொன்ன பதிலை, வயது, அடையாளம், விலையோடு சேர்த்து ரசீதில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே குதிரையை வண்டியேற்றுங்கள்.